பொறியியல் மாணவரை வேலைக்குத் தயார்செய்வது எப்படி: வடசென்னையில் வாரம் ஒரு மாலையில் நடத்தக்கூடிய முழு வழிகாட்டி

மணலியிலோ எண்ணூரிலோ ஓர் ஆலையில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு முதல் மாதத்தில் பாடப்புத்தகக் கணக்கு எதுவும் வந்து சேராது. ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் நாலு வரி எழுதச் சொல்வார்கள். கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷன் சரியா என்று பார்க்கச் சொல்வார்கள். இருபது வருஷ அனுபவமுள்ள ஃபிட்டரிடம் வேலை வாங்க வேண்டியிருக்கும். நடுவில் யாராவது ஒருவர், ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான பெர்மிட்டை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து போடு தம்பி" என்பார். இந்த நாலில் ஒன்றுக்குக்கூட செமஸ்டர் தேர்வில் கேள்வி வந்திருக்காது.

கல்லூரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினர் ஆனது. அப்போது, பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அங்கீகார வாரியம் வைத்திருந்த பட்டியலில், பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகுதிகள் 12. அவற்றில் 7 கணக்கு, வடிவமைப்பு சம்பந்தப்பட்டவை அல்ல: சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல், தொழில் நெறி, குழுவாக வேலை செய்தல், தகவல் சொல்லும் திறன், திட்ட நிர்வாகமும் நிதியும், வாழ்நாள் முழுக்கக் கற்றல். பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இந்த ஏழும் இரண்டு நாள் 'சாஃப்ட் ஸ்கில்' வகுப்பாகச் சுருங்கி, டை கட்டிய ஒருவர் கை குலுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதோடு முடிகிறது.

இந்தத் திறன்களைத் தனி வகுப்பாக வைத்தால் ஒட்டாது. உண்மையான ஒரு வேலையை மாணவர் கையில் கொடுத்தால், அந்த வேலையே இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு திறனும் கடைசியில் ஒரு தாளாக மிஞ்ச வேண்டும்: ஓர் அறிக்கை, ஒரு விலை ஒப்பீடு, ஒரு கூட்டக் குறிப்பு. தாள் இல்லையென்றால் அந்தத் திறன் வந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

இது பேராசிரியர்களுக்கும், வேலையில் இருந்துகொண்டே தெருப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கும் சீனியர்களுக்கும், நற்பணி மன்றக்காரர்களுக்கும் எழுதியது. வாரம் ஒரு சனிக்கிழமை மாலை என்று ஆறு மாதம் ஒதுக்கினால் போதும்.

முதலில் ஆட்களும் இடமும்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை சேருங்கள். அதற்கு மேல் போனால் நாலு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் போட்டோவுக்கு நிற்பார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்தவர்களும் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும்தான் சரியான ஆட்கள். நான்காம் ஆண்டில் ஆப்டிடியூட் டெஸ்ட் பயம் பிடித்துவிடும், வேறு எதுவும் காதில் ஏறாது.

ஒரே துறை மாணவர்களாக எடுக்காதீர்கள். மெக்கானிக்கல், சிவில், ஈ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் கலந்திருக்கட்டும். டிப்ளமோ படிக்கும் ஒருவரோ இருவரோ இருந்தால் இன்னும் நல்லது. கையால் வேலை செய்து பழகியவர் ஒருவர் இருந்தாலே குழுவின் பேச்சு மாறிவிடும்.

இடத்துக்குப் பெரிய அலைச்சல் வேண்டாம். கிளை நூலகம், மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறை, மன்றத்து கேரம் போர்டை நகர்த்திவிட்டுக் கிடைக்கும் அறை, எதுவும் ஆகும். கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. கல்லூரி வளாகத்தில் மட்டும் வேண்டாம் என்பேன். அங்கே உட்கார்ந்தால் பிள்ளைகள் மறுபடியும் மதிப்பெண்ணுக்குப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நடந்துபோகும் தூரத்தில் ஒரு வேலை

மொத்தத் திட்டமும் இந்தப் படியில்தான் நிற்கிறது, அவசரப்படாதீர்கள். மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை.

மாணவர்களிடம் பிராஜெக்ட் தலைப்பு கேட்டால், 'ஸ்மார்ட்' என்று தொடங்கும் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய, கையால் அளக்கக்கூடிய ஒரு தொல்லையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வடசென்னையில் அதற்கா பஞ்சம்?

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். எவ்வளவு மழைக்கு எவ்வளவு உயரம், வடிய எத்தனை மணி நேரம், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஒரு நாளில் எத்தனை முறை மூடுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் பள்ளி வேன் எத்தனை மாட்டிக்கொள்கிறது என்று எண்ணலாம். காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் இடத்திலிருந்து படகுக்குள் போவதற்குள் எவ்வளவு ஐஸ் உருகிப் போகிறது என்று தராசு வைத்தே பார்க்கலாம். திருவொற்றியூர்ப் பக்கம் அடுக்குமாடி ஒன்றில் மோட்டார் ஏன் வருஷத்துக்கு இரண்டு முறை எரிகிறது என்பதுகூட நல்ல வேலைதான்.

காசிமேட்டை எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றி, இன்ஜினைப் பிரித்து, அடிப்பலகையைச் சீர்செய்வது அந்தச் சமயத்தில்தான். கல்லூரி விடுமுறையும் அதை ஒட்டியே வரும். கிராங்க் ஷாஃப்ட் எப்படித் தேய்கிறது, உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்பதை ஆய்வகத்தில் காட்ட முடியாத அளவுக்கு அங்கே பார்த்துவிடலாம்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதை நாமே அளக்க முடியுமா? இதனால் பாதிக்கப்படுபவர் நம்மோடு பேசுவாரா? அளந்து சொன்னால் அதைப் படிக்க ஒருவராவது இருப்பாரா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வார்டு கவுன்சிலரோ, மாநகராட்சியின் உதவிப் பொறியாளரோ, குடியிருப்போர் சங்கச் செயலாளரோ, யாராவது ஒருவர் அறிக்கையை வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கப்போகிறவர் யார் என்று தெரிந்தால்தான் எழுத்தில் பொறுப்பு வரும்.

முதல் மாதம் தீர்வு பேசக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அளவு மட்டும்தான். சென்சார் வாங்கலாமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வாங்கட்டும், இரண்டாம் மாதத்தில்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

நம் பகுதி மாணவர்களிடம் இருக்கும் ஒரு சொத்தை அவர்களே சொத்தாக நினைப்பதில்லை. அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர், மாமா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர், சித்தப்பா ரிஃபைனரியில் கனமான பொருட்களைக் கட்டித் தூக்கும் கான்ட்ராக்ட் ரிக்கர், அக்கா வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஷிஃப்ட், ஓவர்டைம், பெர்மிட், ஷட் டவுன் எல்லாம் சோற்றோடு கேட்டு வளர்ந்த பேச்சு. அடையாறில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வருஷம் ஆகும் விஷயம் இவர்களுக்கு வீட்டிலேயே இருக்கிறது.

அதனால் முதல் பேட்டி வீட்டிலிருந்தே தொடங்கட்டும். ஒவ்வொருவரும் சொந்தத்தில் ஒரு தொழிலாளியிடம் முக்கால் மணி நேரம் பேசி, ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். கேள்விகள் எளிமையாக இருக்கட்டும்: "உங்க வேலையில இன்ஜினியர் வந்து கெடுத்த விஷயம் ஒண்ணு சொல்லுங்க மாமா." "எந்த வேலைக்குப் போகும்போது பயமா இருக்கும்?" "டிராயிங்ல இருக்கறதும் சைட்ல இருக்கறதும் எங்க ஒத்துப்போகாது?" முதல் கேள்விக்கே அரை மணி நேரம் ஓடிவிடும்.

பிறகு வெளியாட்களிடம் போகலாம். போகும் முன் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். படகு டிரைவரை 'அண்ணே' என்று கூப்பிட்டு, அவர் வேலை முடியும்வரை காத்திருந்து கேட்டால் எல்லாம் சொல்வார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் 'சர்வே எடுக்கறோம் சார்' என்றால் ஒன்றும் கிடைக்காது. லோன் ஆபீஸிலிருந்து வந்ததாக நினைத்துக்கொள்வார்.

எழுத்து

இங்கேதான் பாதிப் பேர் திணறுவார்கள். காரணம் ஆங்கிலம் என்று அவர்களே சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தமிழில் எழுதச் சொன்னாலும் முதல் வரைவு "பம்பு சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்றுதான் வரும். என்ன பார்த்தோம் என்று சொல்லத் தெரியாததுதான் குறை, மொழி அதற்கு அப்புறம்.

ஆகவே முதல் இரண்டு மாதம் தமிழிலேயே எழுதட்டும். மேலே சொன்ன வரியைத் திருத்திக் காட்டுங்கள்: "செவ்வாய் காலை 10.20 மணிக்கு, இரண்டாம் எண் பம்பின் ஷாஃப்ட் சீல் பக்கம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சொட்டு கசிவு. நேற்று இதே நேரம் 10 சொட்டு. பேரிங் சூடு கையால் தொட முடியாத அளவு. பம்பை நிறுத்தி முதல் எண் பம்புக்கு மாற்றினோம். சீல் மாற்ற வேண்டும். ஸ்டோரில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை." கடைசி வரிதான் மிக முக்கியம். எது தெரியும், எது இன்னும் பார்க்கப்படவில்லை என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அடுத்த ஷிஃப்ட்காரரின் அரை நாளைக் காப்பாற்றும்.

மூன்றாம் மாதத்திலிருந்து அதே குறிப்பை ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. ஏ.ஐ. கருவியை வைத்து இலக்கணம் திருத்திக்கொள்ளலாம், ஆனால் குறிப்பையே அதை எழுதவைத்தால் அங்கே இல்லாத சூடும் கசிவும் வந்து உட்கார்ந்துவிடும். நேரில் பார்த்தவர் எழுதியதா என்று ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்: "சொட்டை எப்படி எண்ணினே?"

டிராயிங்கும் எழுத்துதான். அதில் ஒரு மாற்றம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், யார் மறுபடி கணக்குப் போட வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் நகர விபத்தைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 1981 ஜூலை 17 அன்று ஹயாத் ரீஜன்சி ஹோட்டலின் உள்ளே தொங்கிய நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் தாங்க வேண்டும். தயாரிக்க வசதியாக அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். அதனால் கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் விட்டத்திலிருந்து தொங்கியது. மேல் இணைப்பில் ஏறிய சுமை இரண்டு மடங்கானது. யாரும் திரும்பக் கணக்குப் போடவில்லை. படத்தைக் கரும்பலகையில் போட்டு, மாணவர்களையே விசைக் கணக்குப் போடவிடுங்கள். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் போதும். கணக்கு அவ்வளவு எளிது என்று தெரியும்போது அறை அமைதியாகிவிடும்.

விலை கேட்டு வருவது

இரண்டு சனிக்கிழமை போதும். உங்கள் தீர்வுக்கு ஒரு வால்வோ, மோட்டாரோ, நாற்பதடி பைப்போ வேண்டியிருக்கும். பாரிமுனைக்குப் போய் லிங்கிச் செட்டித் தெருவில் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கிவரச் சொல்லுங்கள். ஆன்லைன் விலை செல்லாது. நேரில் போனால்தான் கடைக்காரர் "எந்த கிளாஸ் பைப்? எவ்ளோ பிரஷர்? தண்ணிக்கா, ஆயிலுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். பதில் தெரியாமல் திரும்பி வந்து, புத்தகத்தைத் தேடிவிட்டு மறுபடி போவார்கள். மெட்டீரியல் செலக்ஷன் பாடம் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

மூன்று கொட்டேஷனையும் ஒரே அட்டவணையில் போட்டு கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட் தயாரிக்கட்டும். அடிப்படை விலை, ஜி.எஸ்.டி., வண்டி வாடகை, எத்தனை நாளில் கிடைக்கும், வாரன்டி என்ன என்று பிரித்து எழுத வேண்டும். பொருத்தும் கூலியை எப்போதும் மறந்துவிடுவார்கள், நினைவுபடுத்துங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, சம்பந்தப்பட்ட ஐ.எஸ். தரநிலையை இறக்கிப் படிக்கவும் இதுதான் நேரம். சிவில் மாணவர்கள் கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456-ஐப் பெயரளவில் கேட்டிருப்பார்கள், முன்னுரையைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

பாதுகாப்பும் கையெழுத்தும்

எண்ணூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழில் நெறி என்றால் என்னவென்று தத்துவம் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பக்கெட்டால் அள்ளியவர்களில் இவர்கள் வீட்டாரும் இருந்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26 இரவு, கடலுக்கடியில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் அமோனியா குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள்.

இந்த மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலவரிசை எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு முதலில் யாருக்குத் தெரிந்தது, யாருக்குச் சொன்னார்கள், ஊர் மக்களுக்கு எப்போது தெரிந்தது. செய்தித்தாள், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆவணங்கள், நேரில் பார்த்தவர் வாய்மொழி ஆகியவற்றைத் தனித்தனி நிறத்தில் எழுத வேண்டும். திட்டித் தீர்க்கும் ஆசை வரும், நியாயம்தான். ஆனால் அறிக்கையில் உறுதியான செய்தியும் சந்தேகமும் கலக்கக் கூடாது.

பக்கத்தில் போபாலை வையுங்கள். 1984 டிசம்பர் 2-3 இரவு அங்கே விஷவாயுத் தொட்டியின் குளிரூட்டி முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துத் தள்ளும் ஃப்ளேர் குழாய் வேலை செய்யும் நிலையில் இல்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை ஏற்றுக்கொண்ட ஒருவரும் இருந்தார். பேச வேண்டியது அவரைப் பற்றித்தான், ஏனென்றால் ஐந்து வருஷத்தில் அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் நடித்துப் பார்ப்பது. இதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். காலித் தொட்டிக்குள் ஆள் இறங்கி வெல்டிங் செய்ய வேண்டும், பெர்மிட் நீட்டப்படுகிறது.

"ரெண்டு நிமிஷ வேலைதான் தம்பி. டேங்க் காலி. போடு, ஷிஃப்ட் முடியப்போகுது."

"கேஸ் டெஸ்ட் எப்ப எடுத்தீங்கண்ணே?"

"காலையிலயே எடுத்தாச்சு."

"சாப்பாட்டுக்கு அப்புறம் திறந்தே கிடந்திருக்குண்ணே, காலை ரீடிங் இப்ப ஆகாது. சேஃப்டிக்கு போன் போட்டுட்டேன். மீட்டர் வந்து ஆக்சிஜன் பார்த்ததும் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் யாரும் இறங்க வேணாம்."

எரிச்சலான சூப்பர்வைசராக நடிப்பவர் விடாமல் நெருக்க வேண்டும்: "நேத்து வந்த பையன் எனக்குச் சொல்றியா?" மாணவர் குரலை உயர்த்தவும் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது. காற்றில் ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது என்ற எண்ணை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளட்டும். செப்டிக் டேங்கில் ஆள் இறங்கி இறப்பதும் ஆக்சிஜன் குறைவதாலும் விஷவாயுவாலும்தான். கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

குழு

குழு விளையாட்டு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் குறிப்பு எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் செய்வார், எந்தத் தேதிக்குள். அடுத்த வாரம் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எழுதும் ஆள் வாரவாரம் மாறட்டும், பெண் பிள்ளைகள் தலையிலேயே அதைக் கட்டிவிடாதீர்கள். சண்டை வரும். வந்தால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு பக்கத்தையும் அளவெடுத்து வரச் சொல்லுங்கள்.

ஆலைக்குள் கால் வைப்பது

ஐந்தாம் மாதத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு எழுதத் தொடங்கலாம். பெரிய நிறுவனங்களுக்குக் கல்லூரியின் கடிதம் வேண்டும். பயிற்சி ஒதுக்கும் பிரிவு மனிதவளத் துறையில் இருக்கும். சின்னப் பட்டறைகளை மறக்காதீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கொட்டேஷன் முதல் டெலிவரி சலான் வரை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம். பெரிய ஆலையில் சில சமயம் விசிட்டர் பாஸோடு ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் பாடங்கள் கல்லூரி வழியாக வரும். அதில் குழுவின் வேலைக்கு ஒட்டியதை எடுக்கச் சொல்லுங்கள், தோழன் எடுத்தான் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

பட்டம் முடித்த கையோடு வேலை கிடைக்காதவர்களுக்குத் தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம் ஒரு நல்ல வாசல். ஓராண்டுப் பயிற்சி, மாதம் உதவித்தொகை. குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. மணலி ரிஃபைனரி போன்ற இடங்கள் இந்த வழியில் பட்டதாரிகளை எடுக்கின்றன. இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை நிச்சயம் என்று எந்த நிறுவனமும் கட்டுப்பட்டதில்லை. ஒருமுறை அப்ரென்டிஸாகப் பயிற்சி முடித்தவர் மறுபடி சேர முடியாது. ஆகவே படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் அவசரப்பட்டுச் சேர்ந்து அந்த ஒரு வாய்ப்பைத் தொலைக்க வேண்டாம்.

இன்டர்வியூவுக்குத் தனிப் பயிற்சி பெரிதாகத் தேவைப்படாது. ஆறு மாதத் தாள்களையும் ஒரே ஃபைலில் அடுக்கட்டும்: தொழிலாளி பேட்டி, அளவுக் குறிப்பு, கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட், விபத்துக் காலவரிசை, கூட்டக் குறிப்புகள், கடைசி அறிக்கை, அதை வாங்கிக்கொண்டவர் போட்ட தேதியும் கையெழுத்தும். "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேட்டால் குடும்ப விவரத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு ஃபைலைத் திறக்கலாம். முதல் பக்கத்தில் அளவெடுத்த இடத்தின் கையால் போட்ட வரைபடம் இருக்கட்டும், அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். ஃபைலின் ஒரு நகலைக் குழுவிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில் வருபவர்கள் முதல் வாரத்தில் அதிலுள்ள அளவுகளை மறுபடி எடுத்து, எங்கே வித்தியாசம் வருகிறது என்று பார்த்துத் தொடங்கலாம்.